தாழிக்குள் விளையும் மது

ஜார்ஜியாவின் கிழக்கே உள்ள காக்கெட்டி வட்டாரத்தில் இலையுதிர்காலம் வந்தால் குடும்பங்கள் திராட்சைத் தோட்டத்தில் கூடிவிடும். நகரத்துக்குப் போன பிள்ளைகளும் அறுவடைக்கு ஊர் திரும்புவார்கள். குடைந்த மரத்தொட்டியில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதிப்பது அங்கே பழைய வழக்கம்.

சாறு போய்ச் சேரும் பாத்திரம்தான் அற்புதம். முட்டை வடிவச் சுடுமண் தாழி, பெயர் க்வெவ்ரி. உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை தரையில் புதைத்திருப்பார்கள். தோல், விதை, சில இடங்களில் காம்புகூடச் சாறோடு உள்ளே போகும். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. பழத்தோலிலேயே இருக்கும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கின்றன. மேலே மிதந்து வரும் தோலைத் தினமும் பலமுறை கோலால் அமுக்கிவிட வேண்டும். இந்தப் பொறுமையான வேலைதான் மதுவைக் காப்பாற்றுகிறது. கொதிப்பு அடங்கியதும் மூடி போட்டு அடைத்து, ஐந்தாறு மாதம் விட்டுவிடுவார்கள். சுற்றியுள்ள மண் குளிர்ச்சியைச் சீராக வைக்கும். விதைகள் கூரிய அடியில் போய்த் தங்கும்.

ர்காட்ஸிதெலி என்ற வெள்ளைத் திராட்சை இப்படித் தோலோடு ஊறும்போது தேன் நிறம் ஏறி, நாவில் தேநீர்போல லேசாகத் துவர்க்கும்.

தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த சுமார் 8000 ஆண்டுப் பழைய பானையோடுகளில் திராட்சை மதுவின் தடயம் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 2013இல், யுனெஸ்கோ இந்தத் தாழி முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருந்தது.

மதுவை எடுத்தபின் தாழியில் மிஞ்சும் சக்கையும் வீணாவதில்லை. அதைக் காய்ச்சி வடித்துச் சாச்சா என்னும் சாராயம் எடுக்கிறார்கள்.