தாளில் ஏறாத ஆட்டம்

மன்னாரில் ஓர் உதைபந்தாட்டப் போட்டி முடிந்தால் மிஞ்சுவது ஒரு தாள்: கோல் போட்டவர், நிமிடம், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, மாற்று வீரர். பள்ளிமுனையிலோ பேசாலையிலோ கோட்டோரம் நின்று தொண்டை வற்றக் கத்துகிற பெரியவர்களின் வாதம் இவற்றோடு நிற்பதில்லை. பின்களத்துப் பெடியன் இரண்டடி தள்ளி நின்றான். எதிரணி அந்தப் பக்கம் பந்தைக் கொடுக்கவே துணியவில்லை. நடக்காமல் போன அந்தப் பாஸுக்குத் தாளில் கட்டம் கிடையாது.

இலங்கை அணிக்கு மன்னார் தந்த டக்சன் பியூஸ்லஸ் பின்கள வீரர். 2022இல் மாலைதீவில் காலமானார். கோல் பட்டியலை மட்டும் புரட்டுகிறவருக்கு அவர் என்ன ஆடினார் என்று எப்படித் தெரியும்?

கட்டங்களைக் கூட்டினால் தீருமா என்றால், அதுவும் சந்தேகம்தான். 2001இல் மன்செஸ்டர் யுனைடெட் தன் பின்கள வீரர் யாப் ஸ்டாமை லாசியோவுக்கு விற்றது. அவர் பந்தைப் பறிக்கும் எண்ணிக்கை குறைந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. நல்ல இடத்தில் நிற்கிறவன் குறைவாகத்தான் பறிப்பான்! எண்ணுக்குப் பேர்போன பேஸ்போலிலும் இதே கதை. பந்தைத் தவறவிட்டது களத்தடுப்பாளரின் பிழையா, அடித்தவரின் திறமையா என்று தீர்ப்பவர் மைதானத்தில் இருக்கும் உத்தியோகபூர்வப் பதிவாளர். அவருடைய கண் ஒருமுறை எழுதியதும் அது எண்ணாகிவிடுகிறது. பிறகு கண்ணைக் கேள்வி கேட்பவர் குறைவு.

இவ்வளவு சொல்லியும் நான் எண்ணின் பக்கம்தான். கிரிக்கெட்டில் முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் 176 பங்களாதேஷிடமும் சிம்பாப்வேயிடமும் எடுத்தவை என்று குறை சொல்வார்கள். சரி, கழித்துப் பாருங்கள்: 108 டெஸ்டில் 624, சராசரி 25க்குள். எண்ணில் சந்தேகம் வந்தால் எண்ணாலேயே சோதிக்கலாம். தெரிவாளர் 'பெடியன் சரிவரமாட்டான்' என்று சொன்னால் எதைக் கழிப்பது, எதைக் கூட்டுவது?

கொழும்புக்குப் பக்கத்துப் பிள்ளையைத் தெரிவாளர் பத்துத் தரம் பார்ப்பார். தலைமன்னார்ப் பிள்ளை இரவு முழுக்க பஸ்ஸில் குந்தியிருந்து போய், காலையில் ஒரு தெரிவுப் போட்டியில் அரை மணித்தியாலம் ஓடுவான். அன்றைக்குக் கால் பிடித்துக்கொண்டால் அவன் கதை முடிந்தது. போன பருவம் முழுக்க அவன் ஆடியதற்கு ஒரு பதிவு இருந்தால், அந்த அரை மணித்தியாலம் மட்டுமே அவன் தலையெழுத்தாகாது. எண்ணின் குருட்டுத்தனத்தைப் பற்றிப் பேசும் வசதி, ஏற்கெனவே கண்ணில் பட்டவர்களுக்கு அதிகம்.

ஆகவே தாளை விரிக்க வேண்டும்: ஆடிய நிமிடம், நின்ற இடம், எதிரணி யார், பந்தை எங்கே மீட்டார். எழுதியவரின் பெயரும் கீழே இருக்கட்டும், யாருடைய கண் என்று தெரிய. அந்த வேலையைப் பழைய பின்கள வீரர் ஒருவரிடம் கொடுத்தால் நல்லது. முன்கள வீரரிடம் கொடுத்தால் மறுபடியும் கோல்தான் எழுதுவார்.