பெயரற்ற முகங்கள்: மலையகப் புகைப்படங்களும் வர்க்க நோக்கும்

புகைப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயின், எதனைச் சட்டகத்துள் அடக்குவது, எதனைப் புறத்தே விடுவது என்ற தெரிவு படமெடுப்பவர் கையில் இருக்கும்வரை, அவரது வர்க்க நிலைப்பாடும் அப்படத்திற் பதிந்தே தீரும். இலங்கையின் உழைக்கும் மக்களைப் பொருளாகக் கொண்ட படங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கை வந்து, 1879இல் மலையகத்தில் மறைந்தார். அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின் முதலியோரின் படங்கள் பெயரோடு நிலைபெற்றன; மரியன்னையாகக் கோலம் பூண்டு நின்ற வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரும் நிலைத்தது. இலங்கையில் அவர் படமெடுத்த எளியோருட் பெரும்பாலோர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1878இல் களுத்துறையில் எடுத்த படமொன்றின் குறிப்பு, சிறுமிக்கு 12 வயது, முதியவருக்கு 100 வயது என்கிறது, பெயர்களைச் சொல்லவில்லை. அம்முகங்களின் கம்பீரத்தைக் கமரோன் கண்டுணர்ந்தார் என்பது மறுக்கவியலாதது. எனினும் அம்முகங்களுக்குரிய மனிதர் யார் என்ற வினா அவருக்கு எழவில்லை.

இதற்கு மாறாக, 1908 முதல் அமெரிக்காவின் தேசியச் சிறுவர் உழைப்புக் குழுவுக்காகப் படமெடுத்த லூயிஸ் ஹைன், இயன்றவிடத்துப் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் வேலையையும் குறித்துவைத்தார். அதனாலேயே அவை பரிதாபக் காட்சிகளாக நின்றுவிடாது, வழக்குரைக்கும் சான்றுகளாயின.

இவ்வளவுகோலைக் கந்தப்பளைக்குப் பொருத்திப் பார்த்தல் தகும். அங்கு ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாயிற்று. மலையகத்துக்கு வரும் பயணிகளின் கமராக்கள் பெரிதும் நாடுவன பச்சைச் சரிவும் கூடை சுமந்த பெண்ணின் சிரிப்புமே. லயத்து அறையும், இடுப்பிற் கட்டிய படங்கும், கொழுந்து நிறுக்குமிடத்தில் நிகழும் கிலோக் கழிவும் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. விடுதி விருந்தினரும் கொழுந்தெடுப்பவரும் கடந்து செல்லும் கடைத்தெருவோ, இரு வர்க்கங்களையும் ஒரே படத்துள் நிறுத்தக்கூடிய இடமாயிருந்தும் பலரது கண்ணிற் படுவதில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களுட் பலருக்குப் பெயரோடு கூடிய முதற் படம், நாட்டைவிட்டு அனுப்பும் கடவுச்சீட்டிலேயே அமைந்திருத்தல் கூடும். தேயிலை விளம்பரத்தில் பெயரின்றிச் சிரித்த முகத்திற்கு, வெளியேற்றும்போது மட்டும் பெயர் தேவைப்பட்டது.

ஆகவே, தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்து இன்று கமரா ஏந்தும் இளந்தலைமுறையினரின் பணி, அழகிய முகங்களை மேலும் பெருக்குவதன்று. எதிரே நிற்பவரின் பெயரையும் அன்றைய கூலியையும் கேட்டறிந்து படத்தோடு பதிவதே அவர்கள் முதற்கண் ஆற்றவேண்டிய விமர்சனப் பணியாகும்.