உடைந்த நகத்துக்கு ஒரு விளக்கு

முகூர்த்தம் நெருங்கும் வாரத்தில்தான் கல்யாணப் பெண்ணின் நகம் உடையும். பீரோ கதவு, புடவை ஹூக், பத்திரிகைக் கட்டு என்று எதில் வேண்டுமானாலும் மாட்டும். எங்கள் உடன்குடியில் கூடுதலாக ஒன்று உண்டு: கருப்பட்டி வரும் ஓலைப்பெட்டியை நகத்தால் பிரிப்பது. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். எண்ணெய் தேய்த்தாலும் பாதாம் தின்றாலும் உடைந்தது அதற்குள் வளர்ந்துவிடாது.

அந்த நேரத்துக்கு உதவும் என்று ஆன்லைனில் விற்கும் ஜெல் நகப்பூச்சு விளக்கை வாங்கிப் பார்த்தேன். கவிழ்த்துவைத்த சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது. உள்ளே எல்இடி பல்புகள். கையை நுழைத்தால் தானே எரியும். 30, 60, 99 விநாடி என்று நேரம் வைக்கலாம். பல்புகளிலிருந்து வருவது 365, 405 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா, ஊதா ஒளி. ஜெல்லில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் இந்த ஒளி பட்டதும் விழித்துக்கொண்டு, திரவத்தைச் சங்கிலியாகக் கோத்து இறுக்குகிறது. சாதாரண நெயில் பாலிஷ் காற்றில் காய்வது. இது காய்வதில்லை, கெட்டியாகிறது.

வாங்குமுன் பெட்டியை நம்பாதீர்கள், அடாப்டரைப் பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 24 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 48 வாட் சரி. பெட்டியில் 54 வாட் என்று அடித்துவிட்டு உள்ளே சாதா யுஎஸ்பி வயர் ஒன்றை வைத்திருந்தால், 5 வோல்ட், 2 ஆம்பியருக்கு 10 வாட்தான் தேறும். ஒளி குறைந்தால் ஜெல் மேலே இறுகி அடியில் பச்சையாகவே நிற்கும். பச்சை ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அக்ரிலேட் ஒவ்வாமை வரலாம். விரல் நுனி அரித்து, வெடித்து, உரியும். ஒருமுறை பிடித்தால் விடாது. பின்னாளில் பல் அடைக்கும்போதும் தொல்லை தரலாம், இரண்டும் ஒரே குடும்பத்துச் சரக்கு. ஐரோப்பிய ஒன்றியம் ஒளி பட்டதும் விழித்துக்கொள்ளும் அந்த வகை வேதிப்பொருளான டிபிஓவை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடைசெய்துவிட்டது. எனக்கு வந்த குப்பியிலோ என்னென்ன சேர்த்தார்கள் என்ற பட்டியலே இல்லை.

வேலை எப்படி? குறுக்கே விரிசல்விட்ட நகத்தை அரத்தால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பேஸ் ஜெல் தடவினேன். அதன்மேல் டீ பை காகிதத்தில் சிறு துண்டு, மறுபடி ஜெல், பிறகு விளக்கு. ஒட்டு தெரியவில்லை, பாத்திரம் தேய்த்தும் தாங்கியது. ஜெல்லைக் கனமாக அப்பினால் இறுகும்போது நகம் சுரீரென்று சுடும். கையை வெளியே இழுத்துவிட்டு மறுபடி வைக்கலாம், அல்லது 99 விநாடி மெதுவான முறையில் போடலாம். கட்டைவிரலைத் தனியாக வைக்க வேண்டும். நான்கு விரலோடு சேர்த்து வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்து ஒளி சரியாக விழாது. கடற்கரைப் புழுக்கத்தில் விரல் வியர்த்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும், அதனால் ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள்.

மருதாணியை முதலில் முடித்துவிட வேண்டும். ஜெல்லுக்கு மேல் மருதாணி நகத்தில் பிடிக்காது. கோனில் கலக்கும் எண்ணெய் நகத்தில் மிச்சமிருந்தால் ஜெல்லும் பிடிக்காது. நிக்காஹ் வீடுகளுக்கு இன்னொரு கணக்கு: பூச்சு இருந்தால் தொழுகைக்கு முன் ஒளு செய்யும் தண்ணீர் நகத்தில் படாது என்பதால் பலர் ஜெல்லையே தவிர்ப்பார்கள், மருதாணிக்கு அந்தத் தடை இல்லை.

ஒளியால் கெடுதி உண்டா? சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தாரின் 2023-இல் வெளியான ஆய்வில், ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களை இப்படிப்பட்ட விளக்கில் ஒரே மூச்சாக 20 நிமிடம் வைத்தபோது 20 முதல் 30 சதவீதம் வரை இறந்தன. தட்டில் இருந்த செல் வேறு, தோல் மூடிய கை வேறு; ஒரு கல்யாணத்துக்கு ஒருமுறை என்றால் நான் பயப்பட மாட்டேன். சன்ஸ்கிரீன் தடவிக்கொள்ளுங்கள், அல்லது விரல் நுனி வெட்டிய கையுறை போடுங்கள்.

கழற்றுவதில்தான் பலர் நகத்தைப் பாழாக்குகிறார்கள். உரித்து எடுத்தால் நகத்தின் மேல்படலமும் கூடவே வரும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை ஃபாயிலால் சுற்றிக் கால் மணி நேரம் பொறுத்தால் தானே நெகிழும். ஜெல்லுக்குப் பதிலாக உடைந்த நகத்தை ஒட்ட ஃபெவிக்விக் போன்ற பசையை ஊற்றுவது மட்டும் வேண்டாம், அது பஞ்சில் பட்டால் சூடேறிச் சுட்டுவிடும்.

ஒன்றிரண்டு நகம் உடைந்து, கையில் ஒரு வாரமும் இருந்தால் 48 வாட் அடாப்டரோடு வரும் விளக்கை வாங்கலாம். யுஎஸ்பி குட்டி விளக்கு வேண்டவே வேண்டாம். சதையோடு பிய்ந்து ரத்தம் வந்திருந்தால் ஜெல் கூடாது, டாக்டரிடம் போங்கள். கல்யாணத்துக்கு முதல் நாள்தான் உடைந்தது என்றால் பத்தையும் ஒரே அளவாகக் கட்டையாக வெட்டிவிட்டு மருதாணி வையுங்கள்; ஃபோட்டோவில் யாருக்கும் தெரியாது.