இசைத்தட்டின் விலையும் இரசிகனின் உரிமையும்

கலைப்படைப்பின் விலையைப் பற்றி விசாரிப்பது வணிகரின் வேலை, விமர்சகனின் வேலையன்று என்ற எண்ணம் தமிழ் விமர்சன உலகில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. கச்சேரி மேடையில் நிகழும் இசையைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஓரளவு பொருந்தக்கூடும். பதிவு செய்யப்பட்ட இசைக்கு அது சிறிதும் பொருந்தாது. ஒலிப்பதிவு செய்யப்பட்ட இசை தொடக்கம் முதலே ஒரு பண்டமாகத்தான் இரசிகனை வந்தடைந்தது. எதைக் கேட்பது, எவ்வளவு நேரம் கேட்பது, எந்த ஒழுங்கிற் கேட்பது என்பவற்றை அப்பண்டத்தின் வடிவமும் விலையும் பெருமளவு தீர்மானித்தன. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று, நான்கு நிமிட இசையே அடங்கும். நீண்டதொரு படைப்பைக் கேட்க விரும்பியவன் பல தட்டுக்களைப் புகைப்பட அல்பம் போன்ற அட்டைக்கட்டுக்குள் வைத்து ஒருசேர வாங்கவேண்டியிருந்தது. இன்று இசையுலகில் வழங்கும் 'அல்பம்' என்ற சொல் அந்த அட்டைக்கட்டின் பெயரேயாகும். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்டநேர இசைத்தட்டை அறிமுகப்படுத்தியபின் ஒரு தட்டே அல்பமாயிற்று. பெயர் மட்டும் பழையதாகவே நின்றது.

மலிவு விலையில் இசையைத் தேடும் இரசிகனைப் பற்றி இரு வகையான கருத்துக்கள் நிலவுகின்றன. மலிவானது தரத்திற் குறைந்தது என்பர் ஒரு சாரார். விலை குறையக் குறையக் கலை மக்கள்மயப்படுகின்றது என்பர் மறுசாரார். இரண்டும் அரைகுறையான கருத்துக்களே. ஒரு பதிவு மலிவாகக் கிடைக்கும்போது விலையின் எப்பகுதி குறைக்கப்பட்டது, அக்குறைவைச் சுமப்பவர் யார், வாங்கியவன் கையில் இறுதியில் எஞ்சுவது யாது என்று கேட்டல் வேண்டும். இவற்றைக் கேளாது மலிவைப் பழிப்பதும் புகழ்வதும் ஒன்றுதான்.

முதற் கருத்தை மறுப்பதற்கு நொன்சச் நிறுவனத்தின் வரலாறே போதுமானது. 1964இல் நியூயோர்க்கில் ஜக் ஹோல்ஸ்மன் இதனைத் தொடங்கியபோது, சாஸ்திரிய இசைத்தட்டொன்றைக் காகித அட்டைப் புத்தகமொன்றின் விலைக்கு விற்பதே அவர் நோக்கமாயிருந்தது. இரண்டரை டொலருக்கு விற்கப்பட்ட அத்தட்டுக்கள் அக்காலத்து வழமையான விலையில் ஏறக்குறைய அரைவாசியே. ஐரோப்பாவில் ஏற்கெனவே பதிவான இசையின் உரிமையைக் குறைந்த செலவிற் பெற்று வெளியிட்டமை இம்மலிவைச் சாத்தியமாக்கியது. ஆனால் அந்நிறுவனம் அத்துடன் நின்றுவிடவில்லை. தட்டுக்கென்றே ஒரு மின்னணு இசைப்படைப்பை மோர்ட்டன் சுபொட்னிக்கைக் கொண்டு ஆக்குவித்து 1967இல் வெளியிட்டது. அவ்வாண்டளவிலேயே பல்வேறு நாட்டு இசைமரபுகளைப் பதிந்து வெளியிடும் வரிசையொன்றையும் ஆரம்பித்தது. ராம்நாட் கிருஷ்ணனின் கருநாடக இசை அவ்வரிசையில் வெளிவந்தது. கருநாடக இசையையே கேட்டறியாத அமெரிக்க மாணவன் ஒருவன், சொற்ப விலையென்ற துணிவில், அறியாத பாடகர் ஒருவரின் தட்டை எடுத்துச் சென்றிருத்தல் கூடும். மலிவு விலை இரசிகனுக்குத் தரும் மிகப் பெரிய நன்மை இத்துணிவேயாகும். அதிக விலை கொடுப்பவன் தனக்குத் தெரிந்ததையே வாங்குவான். அறியாத ஒன்றில் பணத்தை இழப்பதற்கு அவன் மனம் எளிதில் இடங்கொடாது.

நக்சோஸ் நிறுவனம் இதனிலும் சிக்கலான உதாரணமாகும். கிளவுஸ் ஹைமன் என்பவர் 1987இல் ஹொங்கொங்கில் இதனை ஆரம்பித்தார். புகழ்பெற்ற நிறுவனங்களின் குறுந்தட்டு விற்ற விலையில் மூன்றிலொரு பங்கு அளவிற்கே நக்சோஸ் தட்டு விற்கப்பட்டது. பேர்பெற்ற கலைஞரின் பெயரை விற்பதற்குப் பதிலாக இசையாக்கத்தை விற்பது என்பது இதன் கொள்கை. பிரட்டிஸ்லாவா, புடாபெஸ்ற் முதலிய நகரங்களின் வாத்தியக் குழுக்களே தொடக்கத்தில் இதற்கு வாசித்தன. தொடக்கத்தில் இத்தட்டுக்களை ஏளனஞ்செய்த விமர்சகர் பலர். ஆனால் கொடாய் நால்வர் குழு வாசித்த ஹைடனின் நரம்பிசை நால்வர் ஆக்கங்களையும், ஜெனோ யண்டோ வாசித்த பேத்தோவனின் பியானோப் படைப்புக்களையும் செவிமடுத்தோர் தமது முன்முடிவைக் கைவிட வேண்டியதாயிற்று. ஒரே படைப்பைப் பலமுறை பதிவதைத் தவிர்த்து, எவரும் பதியாத படைப்புக்களைத் தேடிச் சென்றமையால் இந்நிறுவனத்தின் பட்டியலே ஒரு நூலகமாக விரிந்தது.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. நக்சோசுக்கு வாசித்த கலைஞருக்குப் பொதுவாக ஒருமுறைக் கொடுப்பனவே வழங்கப்பட்டது. தட்டு எத்தனை இலட்சம் விற்பினும் விற்பனைப் பங்கு கிடையாது. மேற்கு ஐரோப்பியக் கலைஞரிலும் குறைந்த ஊதியத்துக்கு இசைந்த கிழக்கு ஐரோப்பியரின் உழைப்பு இம்மலிவின் அடித்தளத்தில் இருந்தது. ஆயினும் இக்கொடுக்கல் வாங்கல் ஒளிவுமறைவற்றது. கலைஞருக்கு உடன்பாடு எது என்பது பதிவுக்கு முன்பே தெரியும். வாங்கியவனுக்கும் முழுமையான தட்டு ஒன்று கிடைத்தது. இவ்விரண்டையும் கருதும்போது நக்சோசைக் குறைகளுடன் கூடிய ஒரு நற்பணி எனக் கொள்வதே நியாயமாகும்.

1955இல் ஆரம்பித்த கொலம்பியா இசைத்தட்டுக் கழகத்தையும் அதனைப் பின்பற்றிய கழகங்களையும் பற்றி இவ்வாறு கூற இயலாது. ஒரு சதத்துக்குப் பன்னிரண்டு தட்டுக்கள் என்ற வகையான விளம்பரங்களை வட அமெரிக்க வீடுகள் பலவும் அறிந்திருந்தன. அதனை ஏற்றவன் பின்னர் குறித்த எண்ணிக்கையான தட்டுக்களை முழு விலைக்கு வாங்கக் கட்டுப்பட்டான். மறுப்புக் கடிதம் அனுப்பத் தவறினால் அம்மாதத் தட்டு தானாகவே வந்து சேரும். இலவசமாகச் சென்ற தட்டுக்களுக்குக் கலைஞருக்குப் பெரும்பாலும் உரிமைப்பங்கு கிடைக்கவில்லை. உறையின் மூலை வெட்டப்பட்டோ துளையிடப்பட்டோ கடைகளிற் குவிந்த கழிவுத் தட்டுக்களின் நிலையும் அதுவே. இரசிகன் பெருமையுடன் வீட்டுக்குக் கொண்டுசென்ற பேரத்தின் பணம் பாடியவனின் பையிலிருந்து எடுக்கப்பட்டதென்பதை அவன் அறிய வழியில்லை.

தமிழ்ச் சூழலில் இப்பிரச்சினை வேறொரு வடிவம் பெற்றது. இசைத்தட்டும் அதனைச் சுழற்றும் பொறியும் வசதிபடைத்தோர் வீடுகளிலேயே இருந்த காலத்தில், ஏனையோருக்குக் கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியும் தேநீர்க்கடை வானொலியுமே கதியாயிருந்தன. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ்செய்த கசற் நாடா இந்நிலையை மாற்றியது. வட இந்தியாவில் 1980களில் மலிவுக் கசற்றுக்கள் விளைத்த பெருமாற்றத்தைப் பீற்றர் மனுவேல் 1993இல் வெளியான தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒற்றை நிறுவனத்தின் ஆதிக்கம் தளர்ந்ததையும், பிரதேச இசைகள் சந்தைக்கு வந்ததையும், கூடவே திருட்டுப் பிரதிகள் பெருகியதையும் அவர் ஒருசேர நோக்கியமை அந்நூலின் சிறப்பாகும். யாழ்ப்பாணத்தின் 'றெக்கோடிங் பார்' அத்தகைய ஆராய்ச்சியொன்றுக்கு இன்னும் காத்திருக்கின்றது.

வெற்றுக் கசற் ஒன்றையும் விரும்பிய பாடல்களின் பட்டியலையும் கடையிற் கொடுத்துவிட்டுச் சில நாட்களிற் சென்று பெற்றுக்கொள்வது அங்கு வழக்கம். அறுபது நிமிட நாடாவா தொண்ணூறு நிமிட நாடாவா என்பதே அல்பத்தின் எல்லையைத் தீர்மானித்தது. ஒரு திரைப்படத்தின் இரண்டு பாடல்கள், இன்னொன்றின் ஒரு பாடல், இடையிலே பழைய பாடலொன்று என இரசிகனே தொகுப்பாசிரியனானான். தனித்தனிப் பாடல்களாக வாங்கும் வழக்கத்தைக் கணினியுகத்தின் கண்டுபிடிப்பாகப் பேசுவோர் இக்கடைகளை அறியாதவராதல் வேண்டும். இம்மலிவில் இசையமைப்பாளருக்கோ பாடலாசிரியருக்கோ ஒரு சதமும் செல்லவில்லை என்பதும் உண்மையே. உறையிற் கையால் எழுதப்பட்ட பாடலின் முதலடி நிலைத்தது. அதனை எழுதியவர் பெயர் பெரும்பாலும் நிலைக்கவில்லை. பிரதியிலிருந்து பிரதி எடுக்கும்போது இரைச்சல் மிகுந்து ஒலியின் நுட்பம் மங்கியதும் மற்றொரு குறை.

ஆனால் கைக்கு வந்த நாடா வாங்கியவனுக்கே உரியதாயிருந்தது. இரவல் கொடுக்கலாம், திருமணப் பரிசாக்கலாம், அழித்து வேறு பாடல் பதியலாம். 1990இன் பின் பொருளாதாரத் தடையால் மின்சாரமும் மின்கலங்களும் கிட்டாத ஆண்டுகளில், யாழ்ப்பாண மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியும் கசற்றும் கேட்டனர். அந்த நாடா ஓடுவதற்கு மிதிக்கும் காலைத் தவிர வேறெவரின் அனுமதியும் தேவைப்படவில்லை.

இதனை மனங்கொண்டு நோக்கும்போதே பதிவிறக்கத்தின் மலிவு தெளிவாகப் புலப்படும். அப்பிள் நிறுவனம் 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐரியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாடலை 99 சதத்துக்கு விற்றது. முழுத் தட்டுக்கும் பணங்கொடுத்து ஒரு பாடலை மட்டும் கேட்டுவந்தவனுக்கு இது பெரும் பேரமாகவே தோன்றியது. ஆயின் விற்கப்பட்ட கோப்பிற் பூட்டொன்றும் இருந்தது. 2009 வரையில் அக்கடை அப்பூட்டை முற்றாக நீக்கவில்லை. பூட்டின் பொருளை உலகத்துக்கு விளக்கியவை வேறு இரு கடைகள். மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் இசைக்கடையை மூடியபின், அங்கு வாங்கிய பாடல்களைப் புதிய கணினிக்கு மாற்றுவதற்கான அனுமதி 2008 ஓகஸ்ற் 31இன் பின் வழங்கப்படமாட்டாதென அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பவே 2011 வரை தவணை நீட்டியது. யாகூவும் அதே ஆண்டிற் தன் அனுமதிச் சேவையை நிறுத்துவதாக அறிவித்துப் பின்னர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. பணங்கொடுத்தவர் வாங்கியதாக நம்பியது பாடலை; அவருக்குக் கிடைத்ததோ கடைக்காரர் கடையை மூடும்வரை கேட்பதற்கான இசைவு. இங்கே விலை குறைந்ததெனக் கூறுவதிலும் பண்டம் குறுகிற்று என்பதே பொருந்தும்.

2011 மே மாதத்தில் லேடி காகாவின் புதிய அல்பத்தை அமேசன் 99 சதத்துக்கு விற்றதும் இவ்வகையில் ஆராயத்தக்கது. அவ்வாரம் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனையான ஏறத்தாழ 11 இலட்சம் பிரதிகளுள் 4 இலட்சத்துக்கு மேற்பட்டவை இவ்விலைக்குச் சென்றவை. இம்முறை கலைஞருக்கு நட்டமில்லை. வித்தியாசத்தை அமேசனே தன் கையிலிருந்து ஈடுசெய்தது. கோப்புக்களைத் தன் களஞ்சியத்தில் வைத்துக் கேட்கும் புதிய சேவைக்கு ஆட்சேர்ப்பதே அதன் நோக்கம். ஓர் அல்பம் முழுவதும் இன்னொரு வணிகத்தின் தூண்டில் இரையாயிற்று. மூன்று டொலர் 49 சதத்துக்குக் குறைவாக விற்கும் புதிய அல்பங்களை முதல் நான்கு வாரங்களுக்குத் தரவரிசைக் கணக்கிற் சேர்ப்பதில்லையெனப் பில்போட் சஞ்சிகை அதே ஆண்டு விதிசெய்தது. அழகியல் பற்றிப் பேசாத ஒரு தரப்பட்டியல், எந்த விலைக்குக் கீழே விற்பனை விற்பனையாகாது என்பதை வரையறுத்தமை விசித்திரமே.

விலையைக் கேட்பவரிடமே விட்டுவிட்ட றேடியோஹெட் குழுவினரின் 2007ஆம் ஆண்டு முயற்சி மிகவும் புகழப்பட்டது. பூட்டில்லாத கோப்பை, விரும்பிய தொகைக்கு, வேண்டின் ஒன்றுமே கொடாமலும் பெறலாம் என்றனர். முயற்சி நேர்மையானதே. ஆனால் அது அவர்களின் ஏழாவது அல்பம். முந்திய ஆறையும் பெரு நிறுவனமொன்று உலகெங்கும் விளம்பரஞ்செய்து விற்றிருந்தது. அப்புகழ் இல்லாத இளங்கலைஞனுக்கு இதனை முன்மாதிரியாகக் காட்டியோர் அதிகம் சிந்தித்ததாகத் தெரியவில்லை. 2008இல் ஆரம்பித்த பாண்ட்காம்ப் இணையக்கடை அத்தகையோருக்கே பயன்பட்டது. விலையைக் கலைஞனே நிர்ணயிப்பான், கடை பதிவிறக்க விற்பனையில் 15 சதவீதத்தைப் பெறும், கோப்பிற் பூட்டில்லை. பேரந்தேடும் இரசிகனுக்கும் பாடியவனுக்கும் ஒருங்கே நியாயஞ்செய்யும் ஏற்பாடுகளுள் இதனை முதன்மையானதெனக் கூறலாம். ஆயினும் அக்கடையே 2022இலும் 2023இலும் இருமுறை வேறு நிறுவனங்களுக்குக் கைமாறியது.

மலிவைத் தேடுவோரின் மிகப் பழைய புகலிடம் பழைய தட்டுக்கடை. வாங்கிய தட்டை மறுபடி விற்கும் உரிமையை ஐக்கிய அமெரிக்கச் சட்டம் வாங்கியவனுக்கே அளிக்கின்றது. 1960களில் இரண்டரை டொலருக்கு வாங்கிய நொன்சச் தட்டு இன்றும் கைமாறலாம். இவ்வுரிமையைப் பதிவிறக்கத்துக்கும் பெறமுயன்று 2011இல் றீடிஜி என்றொரு சந்தை தோன்றியது. ஐரியூன்சில் முறைப்படி வாங்கிய பாடலை ஒருவர் அங்கு விற்கலாம். விற்றவரின் கணினியில் அப்பாடல் அழிக்கப்படுவதை அதன் செயலி கண்காணிக்கும். கப்பிற்றல் இசைநிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2013இல் நீதிமன்றம் சந்தைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2018 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. தட்டு கைமாறும்போது அதே தட்டுத்தான் செல்கின்றது. கோப்பு கைமாறும்போது மறுமுனையிற் புதியதொரு பிரதி உண்டாகின்றது. பிரதி செய்யும் உரிமை வாங்கியவனுக்கு இல்லை என்பதே நீதிபதிகள் கூறிய காரணம்.