முதல் கையெழுத்து: நம் வழிகளும் தரங்களும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தின் மூத்தவர்கள் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாறி மாறிக் கூடி, ஒரு நிறுவனத்தின் வேலைகளையும் கணினி அமைப்புகளையும் ஒன்றாகத் திட்டமிடும் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்ற துறையை நம் ஊர்ப் பிள்ளைகளும் கற்க வழி செய்தவர்கள் அவர்கள். தொலைநோக்கு வரைவது, சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலைப் பெறுவது என்ற முதல் கட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பின்னால் வரும் படங்களின் தரம் எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது.

இந்தத் துறையின் வழிகளை உறுப்பினர்கள் அறிவார்கள். ஜான் ஸாக்மன் 1987இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்தது ஒன்று. அதன் அட்டவணைக் கட்டங்களின் ஒழுங்கு இன்றும் மனத்தைச் சீராக்கும். ஆனால் யாரை முதலில் போய்ப் பார்ப்பது என்று அது சொல்லாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டாஃபிம் என்ற கட்டமைப்பின் வழியாக 1995இல் டோகாஃப் பிறந்தது. ஏ கட்டத்தையே தொலைநோக்குக்கு ஒதுக்கி, வேலை அறிக்கையில் ஒப்புதல் வாங்கிய பிறகே அடுத்த பி கட்டத்துக்குப் போகச் சொன்ன பெருமை அதற்கு உண்டு. நம் நாட்டு வழி என்றால், மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018இல் வெளியிட்ட இண்டியா கட்டமைப்பு. ‘ஒரே அரசு’ என்ற எண்ணத்தை எட்டு மாதிரிகளாக அது விரித்தது. ஆந்திர அரசின் இ-பிரகதித் திட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் வேர் புரியும்.

நான் எந்த வழியில் வந்தவன் என்பதை மறைக்கத் தேவையில்லை. தன் பெயரை எங்கும் அச்சிடக் கூடாது என்று எங்கள் அய்யா கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் அய்யா என்றே எழுதுகிறேன். ஸாக்மனையும் டோகாஃபையும் கரைத்துக் குடித்தவர். ஆனாலும் வகுப்பில் முதலில் எடுத்துக்கொள்வது நம் மாவட்டத்தின் பத்திரத்தையும் பட்டாவையும்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. வருவாய்த் துறைக்கு விழுப்புரம், திண்டிவனம் என்று இரண்டு கோட்டங்கள். பதிவுத் துறைக்கு இதே பெயர்களில் இரண்டு பதிவு மாவட்டங்கள். சார்பதிவகத்தின் எல்லை ஒரு விதம், தாலுகாவின் எல்லை வேறு விதம். 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டம் 2019இல் கள்ளக்குறிச்சியையும் பிரித்துக் கொடுத்தது. பதிவுத் துறை 2000இல் ஸ்டார் மென்பொருளைத் தொடங்கி, 2018இல் ஸ்டார் 2.0க்கு மாறியது. வருவாய்த் துறைக்குத் தமிழ்நிலம் என்ற மென்பொருள். புலப்படம் நில அளவைத் துறையின் கையில். ஒரே சர்வே எண்ணுக்கு மூன்று துறைகள் கணக்கு வைத்திருக்கின்றன.

‘பத்திரம் பதிந்த அன்றே பட்டாவில் பெயர் ஏற வேண்டும்.’ இந்த ஒற்றை வரியைத் தொலைநோக்காகப் பலகையில் எழுதிவிட்டு, இதற்கு யார் யார் தலையாட்டுவார்கள் என்று அய்யா கேட்பார். நாங்கள் உற்சாகமாக எல்லோரும் என்போம். பாடம் அங்கே ஆரம்பிக்கும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பதிவது ஆவணத்தை. விற்றவருக்கு உரிமை இருந்ததா என்று அவர் சான்று தருவதில்லை. வருவாய்த் துறைக்கோ கணக்கில் யார் பெயர், அனுபவம் யாரிடம் என்ற கேள்விகள் உண்டு. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யுடிஆர்) பெயர் தவறி ஏறிய நிலமாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் விற்றால் உட்பிரிவு செய்ய வேண்டும்; அளவர் சங்கிலியோடு போய் நிற்காமல் கணினி அதைச் செய்ய முடியாது. ஆக, அந்த ஒரு வரிக்குள் மூன்று துறைகளின் மூன்று வேறு வாக்குறுதிகள் ஒளிந்திருக்கின்றன.

அதன் பிறகு அய்யா ஒரு தாளில் ஐந்து பத்தி போடுவார். யார், இன்று என்ன செய்கிறார், இந்தத் திட்டத்தால் எதை இழப்பார், எதை ஒப்புக்கொண்டார், கையெழுத்து. ஆவண எழுத்தர், சார்பதிவாளர், கிராம நிர்வாக அலுவலர், குறுவட்ட அளவர், மண்டலத் துணை வட்டாட்சியர், வட்டாட்சியர், கடைசியாக நிலத்தை வாங்கியவர் என்று வரிசையாக எழுதச் சொல்வார். டோகாஃப் சொல்லும் அதிகாரம், அக்கறை என்ற அளவுகோலை அவர் ஒதுக்கவில்லை. ஆனால் மூன்றாம் பத்தி நிரம்பாமல் நான்காம் பத்தியைத் தொட விடமாட்டார். இழப்பது என்ன என்று தெரியாமல் கொடுத்த ஒப்புதல் முதல் தகராறிலேயே கலைந்துவிடும் என்பது அவர் கட்சி.

அந்தப் பயிற்சியின் முடிவில் பலகையில் இருந்த வரி சுருங்கிவிடும். உட்பிரிவு தேவைப்படாத நிலம், விற்பவர் பெயரிலேயே இருக்கும் பட்டா: இந்த இரண்டும் பொருந்தினால் மட்டும் உடனடி மாற்றம், மற்றவை பழைய விசாரணைக்கே போகும். பின்னாளில் தமிழ்நாட்டில் தானியங்கிப் பட்டா மாற்றம் வந்தபோது அதன் எல்லையும் ஏறத்தாழ இதுவாகவே இருந்ததைக் கண்டு மகிழ்ந்தோம். எல்லோரும் கையெழுத்திடக்கூடிய சிறிய தொலைநோக்கே நடைமுறைக்கு வரும் என்பதற்கு நம் வாசலிலேயே கிடைத்த சாட்சி இது.

இன்றைய நிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. நன்றாகச் செய்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. ஆனாலும் சில இடங்களில் காண்பது நெஞ்சை உறுத்துகிறது. சான்றிதழ் கைக்கு வந்த மாதமே தொலைநோக்கு ஆவணமும் வந்துவிடுகிறது. மருத்துவமனைக்கு எழுதியதைச் சர்க்கரை ஆலைக்கும், ஆலைக்கு எழுதியதைக் கூட்டுறவு வங்கிக்கும் பெயர் மாற்றிக் கொடுக்கிறார்கள். சம்பந்தப்பட்டவர்கள் பட்டியலில் இயக்குநர்கள் மட்டும் இருக்கிறார்கள். கவுன்டரில் உட்காருபவர் இல்லை. ஒரு பிற்பகல் ஓட்டல் அரங்கில் கூட்டம் போட்டு, வந்தவர்கள் வருகைப் பதிவில் போட்ட கையெழுத்தையே ஒப்புதல் என்று கணக்கில் எழுதுகிறார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டு அதிகாரி மாறியதும் முதல் வரியிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்குகிறது. செலவான மக்கள் பணத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை. எந்த வழியைச் சேர்ந்தவர் என்று கேட்டால் மூன்று வழிகளின் பெயரையும் சொல்கிறார்கள். எதிலும் ஒரு வருடம்கூட ஊன்றி நின்றதில்லை. கருவிகள் பெருகியிருக்கின்றன, வேலைத்தளத்தில் காத்திருக்கும் பொறுமை அருகிவிட்டது. இது இப்படியே போனால் நம் துறையை அலுவலகங்களில் அலங்காரப் படம் வரைபவர்களின் வேலை என்றே நினைப்பார்கள். அந்த நாள் வெகு தூரத்தில் இல்லை என்று அஞ்சுகிறேன்.

இதற்கான மருந்தும் நம் கையில்தான் இருக்கிறது. மூத்தவர்கள் முன்னின்று மூன்று தர விதிகளை இந்த ஆண்டே எழுதிவைக்க வேண்டும். கீழ்மட்ட ஊழியர் ஒருவராவது கையெழுத்திடாத தொலைநோக்கை நம் உறுப்பினர் யாரும் பி கட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ‘எதை இழப்பார்’ என்ற பத்தி காலியாக இருக்கும் பட்டியலை நம் மேடையில் முன்வைக்கக் கூடாது. அதிகாரி மாறினால், புதியவரிடம் அதே தாளைக் காட்டி மறுபடி ஒப்புதல் பெற வேண்டும். இந்த மூன்றையும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றும்படி உறுப்பினர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.