கவிழ்த்து வைத்த ரூட்டர்

ரூட்டரைக் கையில் பிடித்து ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது சொன்ன பேச்சு கேட்கிற கருவி அல்ல என்று. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் போகும் மோட்டார், அதன் நுனியில் விரல் பருமனுக்கு ஒரு கார்பைடு பிட், மொத்தத்தில் நாலைந்து கிலோ கனம். அகலமான பலகை கிடைத்தால் ஒழுங்காக நகரும். இரண்டு விரல் அகலமுள்ள ஜன்னல் சட்டத்தின் விளிம்பில் ஓட்டச் சொன்னால், அடிப்பாகம் உட்கார இடமில்லாமல் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த கணத்தில் விளிம்பைக் கடித்துவிடும். அந்தக் கடியை மறைக்கச் சட்டத்தையே சீவி மெலிய வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதே மிஷினைக் கவிழ்த்து ஒரு மேசைக்கு அடியில் தொங்கவிட்டு, பிட் மட்டும் மேலே எட்டிப்பார்க்கும்படி துளை விட்டால் அதன் குணமே மாறிவிடுகிறது. அரிவாள்மணையின் கணக்கு இது. அலகு நின்ற இடத்தில் நிற்கும். காய்தான் அதனிடம் போகும். இரண்டு கையும் காய்க்கே கிடைப்பதால் கொத்தவரங்காயைக்கூடக் கட்டாகப் பிடித்து ஒரே அளவாக அரிய முடிகிறது. ரூட்டர் மேசையிலும் நகர்வது மரம்தான். மெல்லிய ரீப்பருக்கும் பெரிய கதவுச் சட்டத்துக்கும் ஒரே விதமான பிடிமானம் கிடைக்கிறது.

மோட்டாரைக் கடையில் வாங்கிவிடலாம். மேசையை நாமே கட்ட வேண்டும், வேலையின் தரம் முழுக்க இருப்பதும் அதில்தான். ஆயத்தமாக விற்கும் அலுமினிய மேசைகள் சிலவற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பளபளப்பும் அளவுகோலும் சக்கரப் பிடிகளும் நிறைய இருக்கும். நடுவில் கையை ஊன்றினால் தளம் அமுங்கும். ஒரு சமதளம், அதற்குச் செங்குத்தாக ஒரு தடுப்பு, இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம்.

கையில் பிடிக்கும் மின்ரூட்டர் முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆர். எல். கார்ட்டர் என்பவர் உருவாக்கியது. 1929-இல் அவருடைய தொழிலை ஸ்டான்லி கம்பெனி வாங்கிக்கொண்டது. இயந்திரம் புதிது, வேலை பழையது. புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதி செட்டிநாட்டைச் சேர்ந்தது. ராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு வீடுகளின் பர்மாத் தேக்கு நிலைகளில் மேலிருந்து கீழ்வரை பிசகாமல் ஓடும் வரிகளைப் பாருங்கள். கை இழைப்பில் அப்படி வரி எடுப்பதற்கென்று தனி இழைப்புளிகள் இருந்தன. வேண்டிய வளைவுக்கு எதிர்வளைவாக அலகை அரத்தால் ராவி, அதற்குப் பொருந்தும்படி அடிக்கட்டையையும் குடைந்து வைப்பார்கள். ஒரு வளைவுக்கு ஓர் இழைப்புளி. மரத்தின் ஓரத்தை அணைத்துக்கொண்டு போக, அடிக்கட்டையிலேயே ஒரு படி செதுக்கியிருக்கும். அந்தப் படிதான் மேசையின் தடுப்பு, அந்த அடிக்கட்டைதான் மேசையின் தளம். தச்சாசாரி தன் கையால் ஒவ்வொரு கருவியிலும் செய்து வைத்த சமதளத்தை, இங்கே ஒரே தடவை பெரிதாகச் செய்து வைக்கிறோம்.

இதே மாவட்டத்தின் குளத்தூர்ப் பக்கம் வீட்டுப் பட்டறை வைத்திருப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கல். நார்த்தாமலையும் குன்றாண்டார்கோயிலும் குளத்தூர் தாலுகாவில்தான் இருக்கின்றன. பாறையைக் குடைந்து கோயில் எடுத்த இந்த மண்ணில், மரவேலை மேசைக்குக் கல்லை யோசிக்காமல் இருப்பதுதான் விசித்திரம்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் எம்.டி.எஃப். பலகையைச் சொல்லும். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது ஓரங்களில் ஊதிவிடும். பிளைவுட் பரவாயில்லை, 18 மி.மீ. பலகை இரண்டை ஒட்டி, மேலே மைக்கா போடலாம். மேலே மட்டும் போட்டு அடியை வெறுமையாக விட்டால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி இறங்கிப் பலகை வில்லாக வளையும். மைக்கா இரு பக்கமும் வேண்டும். கான்கிரீட் சென்ட்ரிங்குக்கு வாங்கும் பழுப்பு நிற, வழுவழுப்பான ஃபிலிம் ஃபேஸ்டு பிளைவுட் இதைவிட நல்லது. ஈரத்துக்கு அஞ்சாது, மரம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். எத்தனையோ வீட்டு மாடியில் கூரை போட்டு முடித்தபின் இதன் துண்டுகள் சும்மா கிடக்கின்றன.

ஆனாலும் என் ஓட்டு கிரானைட்டுக்கே. சமையலறை மேடைக்குப் போடும் 20 மி.மீ. கருங்கல் பலகை, 3 அடிக்கு 2 அடி, சுமார் 30 கிலோ வரும். ரூட்டரின் அதிர்வை விழுங்க இந்தக் கனம் உதவும். மழைக்கும் வெயிலுக்கும் வளையாது. இயந்திரத் தொழிற்சாலைகளில் அளவு சோதிக்கும் தளங்களைக் கிரானைட்டில் செய்வதும் இதனால்தான். ஆனால் கடையில் மெருகேற்றிய எல்லாப் பலகையும் சமதளம் என்று நம்பிவிடக் கூடாது. பலகையின் ஓரத்தில் கண்ணைத் தாழ்த்தி வைத்து, டியூப்லைட்டின் பிரதிபலிப்பு நீளவாக்கில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். வெளிச்சக்கோடு நெளிந்தால் அந்தக் கல் வேண்டாம். பிறகு எஃகு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, பின்னால் செல்போன் விளக்கைக் காட்டி, கீற்று வெளிச்சம் கசிகிறதா என்று நாலு திசையிலும் குறுக்காகவும் பார்க்க வேண்டும். நடுவில் இம்மி மேடாக இருந்தால் சமாளிக்கலாம். பள்ளமாக இருந்தால் சட்டத்தின் இரு முனைகளும் மேட்டில் நின்று, நடுவில் காடியின் ஆழம் குறையும்.

கல்லில் அடுப்புக்கும் சிங்க்குக்கும் சதுரத்துளை வெட்டுகிறவர்களே மேசைத் துளையையும் வெட்டித் தந்துவிடுவார்கள். மூலைகளைக் கூர்மையாக விடச் சொல்லாதீர்கள்; உள்மூலை கூர்மையாக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கட்டைவிரல் பருமனுக்காவது உருட்டிவிட வேண்டும். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைப்பைத் தாங்காது. அதனால் நாலு பக்கமும் துளையைச் சுற்றியும் எல் ஆங்கிள் சட்டம் கொடுத்து, நடுவே ரப்பர் துண்டு வைத்து உட்கார்த்த வேண்டும்.

துளைக்குள் ரூட்டரைத் தாங்கும் தகடு தனி. கல்லில் படி எடுப்பது வீண்செலவு. கீழ்ச் சட்டத்தில் ஓர் ஓரம் விட்டு, அதில் மூலைக்கு ஒன்றாக நாலு ஸ்க்ரூ நிறுத்தினால், தகட்டை அவற்றின்மேல் வைத்து மயிரிழை அளவுக்கு ஏற்றி இறக்கலாம். 8 மி.மீ. அலுமினியம் நல்லது. எலக்ட்ரிக்கல் பேனல் செய்கிறவர்கள் ஹைலம் ஷீட் என்று சொல்லும் பழுப்புப் பலகை 10 மி.மீ. கனத்தில் கிடைத்தால் அதுவும் நல்லது. திருச்சியில் பெல் ஆலை வந்ததிலிருந்து அதைச் சுற்றி வளர்ந்த லேத், ஃபேப்ரிகேஷன் கடைகள் துவாக்குடியிலும் மாத்தூர்த் தொழிற்பேட்டையிலும் உண்டு. கொதிகலன் பாகங்கள் செய்து பழகிய கைகளுக்கு வட்டத்துளை போட்ட அலுமினியத் தகடு ஒரு டீ குடிக்கிற நேர வேலை. தகடு கல்லைவிடத் தாழ்ந்திருந்தால் வெளியேறும் பக்கத்தில் மரத்தின் முனை கல்லில் இடித்து நிற்கும். விரல்நகத்தால் தடவிப் பார்த்தால் கண் ஏமாறும் இடத்திலும் நகம் ஏமாறாது.

உயரத்தை மாற்றுவதற்கு விலையுயர்ந்த லிஃப்ட் விற்கிறார்கள். எம்16 கம்பி ஒன்றும் நட்டும் போதும். அதன் புரி 2 மி.மீ.; ஒரு முழுச்சுற்றுக்கு ரூட்டர் 2 மி.மீ. ஏறும், கால் சுற்றுக்கு அரை. இதற்குமேல் துல்லியம் வேண்டும் என்கிறவர்கள் மரவேலையை விட்டுக் கடிகார வேலைக்குப் போகலாம்.

தடுப்புதான் இந்த மேசையில் என்னை மிகவும் மயக்கும் பாகம். ரம்ப மேசையில் தடுப்பு அலகுக்கு இணையாக இருந்தாக வேண்டும். பிசகினால் மரம் எரியும், உதைக்கும். ரூட்டர் பிட்டோ வட்டம். வட்டத்துக்கு எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஒரே முகம், ஆகவே தடுப்பு மேசையின்மேல் எந்தக் கோணத்தில் கிடந்தாலும் பாதகமில்லை. நேராக இருக்க வேண்டும், தளத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சலுகையால் ஒரு நல்ல தந்திரம் கிடைக்கிறது. தடுப்பின் ஒரு முனையை போல்ட்டில் குத்தி, மறுமுனையைக் கிளாம்ப்பால் பிடியுங்கள். பிட் நடுவில் இருந்தால், மறுமுனையை 1 மி.மீ. நகர்த்தும்போது பிட் அருகே தடுப்பு அரை மி.மீ. மட்டுமே நகரும். காடி கொஞ்சம் இறுக்கமா, மறுமுனையில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு ஒரு தட்டு. அளவுகோலைப் பார்க்கவே தேவையில்லை.

மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். கவிழ்த்து வைத்த ரூட்டர் மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும். நம் பக்கம் இருக்கும் பல் இடமிருந்து வலமாக வரும். எதிர்த்துத் தள்ளினால் பிட் மரத்தைத் தடுப்போடு அணைக்கும், திசை மாறினால் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், விரல் பின்னாலேயே போகும். பிட்டுக்கும் தடுப்புக்கும் இடைப்பட்ட சந்தில் ஒருபோதும் மரத்தைச் செலுத்தக் கூடாது.

இன்னொரு ஆபத்து நம் ஊருக்கே உரியது. வேலை நடுவில் கரண்ட் போகும். சுவிட்சை மறந்துவிட்டு, பிட்டில் சிக்கிய சுருளை எடுக்கக் கை போகும் நேரத்தில் கரண்ட் வரும். இதற்கு மருந்து மோட்டார் கொட்டகையில் தொங்குகிறது. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் உள்ள ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயில் உண்டு. கரண்ட் போனதும் அது பிடியை விட்டுவிடும், பச்சையை மறுபடி அமுக்கினால்தான் ஓடும். சிங்கிள் பேஸில் ஒன்று வாங்கி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மேசையின் முன்காலில் மாட்டச் சொல்லலாம். ராத்திரி வரும் கரண்டில் தானே தண்ணீர் இறைக்கட்டும் என்று விவசாயி ஆட்டோ ஸ்டார்ட்டரைத் தேடுகிறார். இங்கே அதை அண்டவிடக் கூடாது.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். 12 மி.மீ. பிட் 22,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கதவுப் பலகையின் ஓரம் சரிக்கும் 80 மி.மீ. பெரிய பிட்டை அதே சுற்றில் விட்டால் விளிம்பு வேகம் 330 கிலோமீட்டர். சுற்றை 10,000-க்கு இறக்கினால் 150. வேகக் கட்டுப்பாடு இல்லாத ரூட்டரில் பெரிய பிட்டைப் போடுகிறவரோடு நான் ஒரே அறையில் நிற்க மாட்டேன்.

இனி ரசிக்கும் இடம். மரப்பெட்டியில் அடுக்கி விற்கும் பிட் செட்டில் பாதிக்குமேல் வீண். நேர் பிட், படி பிட், கால்வட்டம், உட்குழிவு, சரிவு என்று ஐந்து போதும். ஒரு கால்வட்ட பிட்டையே 2 மி.மீ. கூடுதலாக உயர்த்தினால் வளைவின் தலையில் ஒரு சின்னப் படி விழும். தடுப்பை முன்னே இழுத்தால் வளைவின் ஒரு பகுதி மட்டும் விழும். அந்தப் படி சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. சோழர் காலக் கோயில் அதிட்டானத்தில் உருண்ட குமுதம், உள்வாங்கிய கண்டம், நடுவே பட்டையான பட்டிகை என்று அடுக்கியிருப்பதை இதற்காகவே ஒரு முறை பார்க்கலாம். நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரமும் கொடும்பாளூர் மூவர் கோயிலும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வளைவு வெயிலை மெல்ல மெல்ல மங்க வைக்கும். படி அதை ஒரே கோடாக வெட்டி நிறுத்தும். கோடு இல்லாத வளைவு கரைந்துபோன சோப்பைப் போலிருக்கும் வீடுகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், கதவு விளிம்பெல்லாம் ஒரே உருட்டல்.

மரத்துக்கு மரம் மேசையில் சத்தம் மாறும். தேக்கு சீராக முனகும், ஆனால் அதற்குள் இருக்கும் சிலிக்கா பிட்டை மழுக்கும். கார்பைடு இல்லாமல் தேக்கிடம் போகாதீர்கள். வேம்பின் இழை பட்டைபட்டையாக எதிரெதிர்த் திசையில் போவதால் ஒரே சட்டத்தில் பாதி வழவழப்பாகவும் பாதி பிய்ந்தும் வரும். ஆழத்தைக் குறைத்து மூன்று நான்கு ஓட்டமாக எடுக்க வேண்டும். பலா அருமை, வெண்ணெய் நிறம் மாறிப் பொன்னாகும்வரை காத்திருக்கலாம். பனையின் கறுப்பு நார் சிம்பு சிம்பாகத் தெறிக்கும். அழகுக்காக ஆசைப்பட்டால் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆசைப்படுங்கள். எந்த மரமானாலும் குறுக்குவெட்டு முனைகளை முதலில் ஓட்டி, இழைவாட்டுப் பக்கங்களைப் பிறகு ஓட்டினால் மூலையில் பிய்ந்தது அடுத்த ஓட்டத்தில் போய்விடும். சத்தம் கம்மினால் வேகமாகத் தள்ளுகிறோம். கீச்சென்று ஏறிக் கரிந்த வாசம் வந்தால் தயங்குகிறோம்.

மேசையால் முடியாத வேலை ஒன்று உண்டு. நடுவில் தொடங்கி நடுவில் நிற்கும் காடியின் கோடியில் பிட் வட்டமாகவே விடும். 12 மி.மீ. பிட் என்றால் மூலைக்கு 6 மி.மீ. ஆரம் மிச்சம். அதை எடுக்க உளியும் கொட்டாப்புளியும் வேண்டும். சட்டத்தை இறக்கி வேறு பலகையில் வைத்துத் தட்டுங்கள், கல்லின்மேல் தட்டாதீர்கள்.