போய் வருதல்

புதுச்சேரியில் எங்கள் ஊர் சாரம்; அந்தப் பெயரே ஒரு சொல்லுக்குள் பல வீடு. சாரம் என்றால் பிழிந்தெடுத்த சத்து. கொத்தனார் ஏறி நிற்கக் கட்டுகிற மூங்கில். யாழ்ப்பாணத்தில் கேட்டால், இடுப்பில் உடுத்துவது. அதனால்தானோ என்னவோ, ஆங்கில அகராதியில் 'கான்ஜி' இரண்டு தனிச் சொற்களாக இருப்பதைப் பார்த்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

ஒன்று நம் கஞ்சி. கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட மருத்துவ நூலிலேயே, மிளகும் சீரகமும் சேர்த்த கஞ்சித் தண்ணீர் வந்துவிடுகிறது. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, வேர் தமிழ் என்றே சொல்கிறது.

என்னை மயக்கியது மற்றது. அதே எழுத்து, அதே உச்சரிப்பு; ஆனால் வினைச்சொல். முறைப்படி விடைபெற்றுப் புறப்படுவது, தலை தாழ்த்தி வணங்குவது என்று பொருள். ஆங்கிலேயரே இன்று மறந்துவிட்டார்கள். 1623இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல்' நாடகத்தில், பெர்ட்ரம் தான் கோமகனிடம் விடைபெற்றதை இந்த வினையால்தான் சொல்கிறான்.

ஆங்கிலத்துக்கு இதைக் கொடுத்தது பிரெஞ்சு. 'கொன்ழே' என்றால் புதுச்சேரியில் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைக்கு அது விடுமுறை. பிரெஞ்சுப் படையிலிருந்த சொல்தாவுக்கு ஊர் திரும்பும் லீவு. அதற்கும் பின்னால் இருக்கிற லத்தீன் சொல் 'கொம்மெயாத்துஸ்', ரோமப் படைவீரனுக்குக் கொடுத்த விடுப்பு. அதன் வேர்ப்பொருளைப் படித்தபோது சிலிர்த்தது: போவதும் வருவதும்.

சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நிற்பார். செருப்பு பக்கத்திலேயே கிடக்கும், காலை நுழைக்கமாட்டார். "அப்போ, வரட்டுமாம்மா?" என்று உள்ளே பார்த்துக் கேட்பார். அடுப்படியிலிருந்து பாட்டியின் குரல் "போயிட்டு வாங்க" என்று வந்த பிறகுதான் செருப்பு காலில் ஏறும். பாட்டி கை வேலையாக இருந்தால் அவ்வளவு நேரமும் காத்திருப்பார்.

விடை என்றால் பதில், விடை என்றால் அனுமதி. உத்தரவும் அப்படித்தான், கேட்டவருக்குக் கிடைக்கிற மறுமொழியே போவதற்கான சம்மதம். 'குட்பை'யில் இந்தக் கேள்வி இல்லை. பழைய 'கான்ஜி'க்குள் இருந்தது. அது வழக்கொழிந்ததை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பெர்ட்ரம் பேச்சில் வரும் அந்த ஒற்றை வினையை மொழிபெயர்க்கச் சொன்னால் அகராதியைப் புரட்டமாட்டேன். எங்கள் தெருவில் சொல்வதையே எழுதுவேன்: "சொல்லிக்கிட்டு வந்துட்டேன்."